பெனலுக்குள் ஒளிந்திருக்கும் படலம்



கூரையில் சோலார் பூட்டுபவர்கள் எத்தனை வாட் என்று கேட்கிறார்கள். கண்ணாடிக்கும் மின்கலத்துக்கும் இடையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஈரமும் உப்புக்காற்றும் கலத்தை அண்டாமல் காப்பது அதுதான்.

ஆரம்பகாலப் பெனல்களில் அந்த வேலையைச் சிலிக்கோன் செய்தது. நல்ல பொருள், விலைதான் அதிகம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுகூடம் மலிவான, 20 வருடம் உழைக்கும் பெனலைத் தேடத் தொடங்கியது. அதில் தேறி வந்தது ஈ.வி.ஏ. நமது செருப்பின் அடியில் இருப்பதும் அதே இனத்துப் பிளாஸ்டிக்தான்! சுமார் 150 பாகை சூட்டில் உருகி, இறுகி, கண்ணாடிபோல் தெளிந்துவிடும்.

உண்மையான பரீட்சை கலிபோர்னியாவின் கரிசோ சமவெளியில் நடந்தது. 1980களின் முற்பகுதியில் ஆர்கோ சோலார் நிறுவனம் அங்கே 5.2 மெகாவாட் நிலையம் அமைத்தது. கூடுதல் மின்சாரத்துக்காகப் பெனல்களின் பக்கங்களில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்றவற்றை வைத்து வெயிலைத் திருப்பிவிட்டார்கள். ஆசை கூடிவிட்டது. சூடும் புறஊதாக் கதிரும் ஏற, சில வருடங்களிலேயே படலம் பிளேன்டீ நிறமானது, மின்சாரமும் குறைந்தது. வேறு காரணங்களும் சேர, 1990களில் நிலையமே கழற்றி விற்கப்பட்டது.

படலத்தில் கலந்த சேர்மானங்களிலும் பிழை இருந்தது தெரியவந்தது. கலவையை மாற்றினார்கள், புறஊதாவைத் தடுக்கும் சீரியம் கலந்த கண்ணாடியும் வந்தது.

பழைய பெனல் வாங்க நினைப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்: கலத்தின் நடு பழுப்பாகவும் ஓரம் தெளிவாகவும் இருந்தால் அது இதே நோய்தான். பின்புறமிருந்து கலங்களின் இடைவெளியால் நுழையும் ஒட்சிசன் ஓரத்தை மட்டும் வெளுத்துவிடுகிறது.