ஐரோப்பியப் பேராலயங்களும் அளந்து பார்த்த மாணவர்களும்

(கல்விப் பயணங்கள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்கள் ஐரோப்பாவுக்குச் சென்று கிறிஸ்துவக் கலையையும் கட்டடக் கலையையும் பயில்வதால் என்ன பயன் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைக் கேட்டதும் நம் பெற்றோர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. படங்கள் எல்லாம் புத்தகத்திலும் கணினியிலும் கிடைக்கும்போது ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்துப் போகத்தான் வேண்டுமா என்பது ஒன்று. நாம் கிறிஸ்துவர் அல்லவே, தேவாலயங்களைப் பார்த்து நம் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளப் போகிறான் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வரலாறே விடை சொல்கிறது. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கோவிலும் பசிலிக்காவும்

நம் கோவிலின் உயிர் கருவறையில் இருக்கிறது. அது சிறியது, இருண்டது, இறைவன் உறையும் இடம். பழைய ரோமானியக் கோவில்களும் ஏறத்தாழ இதே எண்ணத்தில் எழுந்தவைதாம். உள்ளே தெய்வச் சிலை. பலியும் வழிபாடும் பெரும்பாலும் வெளியே, முற்றத்தில்.

கிறிஸ்துவர்களின் தேவை வேறு. அவர்கள் ஒன்றுகூட வேண்டும், வேதத்தைக் கேட்க வேண்டும், அப்பத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். முதல் மூன்று நூற்றாண்டுகளில் பெரும்பாலும் வீடுகளிலேயே கூடினார்கள். கி.பி. 313இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் அவர்களுக்கு வழிபாட்டுரிமை கிடைத்தது. பெருங்கூட்டத்தைக் கொள்ளும் மண்டபங்கள் தேவைப்பட்டன.

அப்போது அவர்கள் ரோமானியக் கோவிலைப் பின்பற்றவில்லை. வழக்கு விசாரணைக்கும் வணிகப் பேச்சுக்கும் பயன்பட்ட ‘பசிலிக்கா’ என்ற பொது மண்டபத்தைப் பின்பற்றினார்கள். நீண்ட கூடம், இருபுறமும் தூண் வரிசை, கோடியில் அரைவட்ட மாடம். நீதிபதி அமர்ந்திருந்த அந்த இடத்தில் திருப்பலிப் பீடம் வந்தது. ரோமில் 422க்கும் 432க்கும் இடையே எழுந்த சாந்தா சபினா தேவாலயத்தில் இந்த அமைப்பை இன்றும் தெளிவாகக் காணலாம்.

ஆக, ஒரு சமயத்தின் நம்பிக்கையே அதன் கட்டடத்துக்கு வடிவம் கொடுக்கிறது. இதை ஐரோப்பாவில் புரிந்துகொள்ளும் மாணவன், ஊருக்குத் திரும்பியதும் நம் கோபுரத்தையும் கருவறையையும் புதிய கண்ணோடு பார்ப்பான். பிற சமயத்தை அறிவதால் நம் சமயம் குறைந்துவிடுவதில்லை. அதைப் பற்றிய நம் அறிவு கூடுகிறது.

ரோமில் சான் கிளெமெந்தே என்று இன்னொரு தேவாலயம் உண்டு. தெரு மட்டத்தில் இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் பழைய ரோமானியக் கட்டடங்களும் மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட இடமும் வருகின்றன. 1857இல் தொடங்கிய அகழ்வாய்வில்தான் கீழ்த்தளங்கள் வெளிப்பட்டன. பாடநூலில் நான்கு அத்தியாயங்களாக வரும் செய்தியை அங்கே மாணவர்கள் கால்களாலேயே கடந்துவிடுகிறார்கள்.

படத்தில் அடங்காதவை

இனி முதல் கேள்வி. படம் போதாதா?

இத்தாலியின் ரவென்னா நகரிலுள்ள சான் விட்டாலே தேவாலயம் 547இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் சுவர்களில் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பரிவாரங்களுடன் நிற்கும் மொசைக் ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. பொன் தகடு பதித்த சிறு கண்ணாடித் துண்டுகளைச் சுவரில் ஒரே மட்டமாக ஒட்டாமல், சற்றுச் சற்றுச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். பார்ப்பவர் நகர நகர ஒளியும் நகரும். படம் ஒரு நொடியையும் ஒரு கோணத்தையும் மட்டுமே காட்டும். ஓவியன் கணக்கிட்டதோ நடந்து வரும் மனிதனை.

பிரான்சில் உள்ள சார்த்ர் பேராலயமும் அப்படித்தான். 1194இல் தீக்கிரையான பழைய ஆலயத்தின் இடத்தில் பெரும்பகுதி ஒரு தலைமுறைக்குள் கட்டி முடிக்கப்பட்டு, 1260இல் அர்ப்பணிக்கப்பட்டது. உட்கூரையின் உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் விவிலியக் கதைகள் மட்டுமா இருக்கின்றன? ரொட்டி சுடுபவரும் செருப்புத் தைப்பவரும் தச்சரும் தம் தொழிலைச் செய்யும் காட்சிகளும் உண்டு. காலையில் ஒரு நிறமாகவும் மாலையில் வேறு நிறமாகவும் அந்தச் சன்னல்கள் தரையில் ஒளியை விரிக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த மக்கள் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாதுகாத்திருக்காவிட்டால் இன்று நாம் அவற்றைப் பார்த்திருக்க முடியாது.

இடிந்து விழுந்தது கற்பித்த பாடம்

அவ்வளவு பெரிய சன்னல் வைத்தால் சுவர் எப்படி நிற்கும்? இங்கேதான் கோதிக் கட்டடக் கலையின் நுட்பம் இருக்கிறது. பாரிசுக்கு அருகில் உள்ள புனித தெனி மடாலயத்தில் மடாதிபதி சுஜே எழுப்பிய புதிய பீடப்பகுதி 1144இல் அர்ப்பணிக்கப்பட்டது. கோதிக் பாணியின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் கருதுவது அதைத்தான்.

கூர்முனை வளைவு கூரையின் பாரத்தைச் செங்குத்தாகக் கீழிறக்க உதவுகிறது. விலா எலும்பு போன்ற கல்வளைவுகள் அந்தப் பாரத்தைத் தூண்களுக்குக் கொண்டுசெல்கின்றன. பக்கவாட்டில் தள்ளும் விசையை, வெளியிலிருந்து கை நீட்டித் தாங்குவது போன்ற அரைவளைவுகள் ஏற்றுக்கொள்கின்றன. சுவருக்குச் சுமை குறைந்ததால் அங்கே கண்ணாடி வர முடிந்தது.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. போவே நகரத்தார் எல்லாரையும் விட உயரமாகக் கட்ட விரும்பினார்கள். 48 மீட்டர் உயரத்தில் எழுப்பி 1272இல் முடித்த உட்கூரையின் ஒரு பகுதி 1284இல் இடிந்தது. மீண்டும் கட்டினார்கள். பிறகு எழுப்பிய பெருங்கோபுரமும் 1573இல் சரிந்தது. இன்றுவரை அந்தப் பேராலயத்தின் பீடப்பகுதியும் குறுக்குக் கூடமுமே நிற்கின்றன. மக்கள் அமரும் நீண்ட கூடம் கட்டப்படவே இல்லை. பொறியியல் பயிலும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த வகுப்பறை வேண்டுமா?

பயணம் செய்து கற்றவர்கள்

மாணவப் பயணம் ஏதோ இக்காலச் சுற்றுலா நிறுவனங்கள் கண்டுபிடித்த புதுமை அன்று. 13ஆம் நூற்றாண்டில் வில்லார் த ஒன்னெகூர் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சென்று ஒரு வரைபட ஏட்டை உருவாக்கினார். இன்று எஞ்சியிருப்பவை 33 தோல் ஏடுகள். ரெயிம்ஸ், லான், சார்த்ர், லோசான் பேராலயங்களின் பகுதிகள் அதில் உள்ளன. ஹங்கேரி வரை சென்றதாகவும் எழுதி வைத்திருக்கிறார். அவர் கட்டடக் கலைஞர்தானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், கண்டதைக் கையால் வரைந்து கற்ற மனிதர் என்பதில் ஐயமில்லை.

1666இல் பிரெஞ்சு அரசு ரோமில் ஒரு கலைக்கழகம் நிறுவியது. போட்டியில் முதல் பரிசு பெற்ற மாணவர்கள் அரசுச் செலவில் அங்கே தங்கிப் பயின்றார்கள். ஆனால் அவர்கள் போற்றியது பழைய ரோமானியக் கலையை. கோதிக் என்ற சொல்லே நாகரிகமற்றவர்களின் பாணி என்ற இகழ்ச்சியில் பிறந்ததுதான். சொந்த நாட்டுப் பேராலயங்கள் அவர்கள் கண்ணில் படவில்லை.

1814இல் பிறந்த வியோலே லெ துய்க் என்ற இளைஞர் இந்தப் போக்கை ஏற்கவில்லை. கலைக்கல்லூரியில் சேர மறுத்து, பிரான்ஸ் முழுவதும் சுற்றி இடைக்காலக் கட்டடங்களை வரைந்தார். 1836, 1837ஆம் ஆண்டுகளில் இத்தாலிக்கும் போய் வந்தார். 1840இல், 26 வயதில், வெஸலே ஆலயத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1844இல் பாரிஸ் நோத்ர் தாம் பேராலயப் பணி வந்தது. தம் கற்பனையையும் அதிகம் சேர்த்துவிட்டார் என்று அவரைக் குறை சொல்வோர் உண்டு. எனினும், பல ஆலயங்கள் இன்று நிற்பதற்கு அவர் உழைப்பும் ஒரு காரணம்.

தீக்குப் பின் உதவிய வரைபடங்கள்

2019 ஏப்ரல் 15ஆம் நாள் அதே நோத்ர் தாம் தீப்பற்றி எரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. வியோலே லெ துய்க் எழுப்பிய ஊசிக்கோபுரம் சரிந்தது. ‘காடு’ என்று பாரிஸ் மக்கள் அழைத்த இடைக்கால ஓக் மரக் கூரைச் சட்டகம் சாம்பலாயிற்று.

சாம்பலானதை எதைப் பார்த்து மீண்டும் கட்டுவது? ரெமி ஃப்ரொமோன், செத்ரிக் த்ரான்தசோ என்ற இருவர், கட்டடக் கலைஞர்களாகத் தேறிய பிறகும் பழைய கட்டடப் பராமரிப்பைக் கற்கப் பாரிசில் உள்ள ஷாயோ கல்விக்கூடத்தில் மாணவர்களாகச் சேர்ந்திருந்தார்கள். 2014இல், தம் படிப்பின் ஒரு பகுதியாக, அந்த இருண்ட கூரைக்குள் ஏறி மரச்சட்டங்களை அளந்து வரைந்து வைத்தார்கள். அப்போது அது ஒரு மாணவப் பயிற்சி மட்டுமே. தீக்குப் பிறகு அந்த வரைபடங்களே மறுசீரமைப்புக்கு முக்கிய ஆதாரமாயின. ஃப்ரொமோன் அந்தப் பணியின் தலைமைக் கட்டடக் கலைஞர்களில் ஒருவராகவும் ஆனார். ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2010இல் லேசர் கருவியால் எடுத்து வைத்த அளவுகளும் உதவின. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, தச்சர்கள் கோடரியால் செதுக்கிய புதிய ஓக் கூரை அதன் மேல் நின்றது.

நேயர்களே, ஒரு மாணவரின் பயிற்சி ஏடு 800 ஆண்டுப் பாரம்பரியத்தை மீட்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எப்படிப் போக வேண்டும்?

அப்படியானால், 12 நாளில் 8 நாடு என்று ஓடும் பயணத்தை நான் பரிந்துரைக்கவில்லை. பேருந்தில் தூங்கி, வாசலில் படம் எடுத்துத் திரும்புவதற்கு அவ்வளவு செலவு தேவையில்லை. இரண்டு மூன்று நகரங்கள் போதும். கையில் ஒரு ஏடும் பென்சிலும் இருக்கட்டும்.

தலபுராணம் தெரியாமல் சிற்பம் பார்ப்பவனுக்குப் பாதிதான் விளங்கும். பதுவா நகர ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜொத்தோ 1305ஆம் ஆண்டளவில் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. அவற்றில் ஒருவன் இயேசுவை முத்தமிடுகிறான். கதை தெரியாதவர் அதை அன்பு என்று நினைப்பார். அது யூதாஸ் தன் குருவைக் காட்டிக்கொடுக்கும் முத்தம்! ஓவியங்களைக் காக்க, காற்றுப் பதப்படுத்திய அறையில் சிறிது நேரம் காக்க வைத்த பிறகே சிறு குழுவாக உள்ளே விடுகிறார்கள். பார்க்கக் கிடைப்பதும் சில நிமிடங்களே. கதையை முன்பே படித்துவிட்டுப் போனவருக்குத்தான் அந்த நிமிடங்கள் பயன்படும். இவற்றுள் பல இன்றும் மக்கள் மண்டியிட்டு வேண்டும் ஆலயங்கள் என்பதையும் மாணவர்கள் மறக்கக்கூடாது. நம் கோவிலில் பிறர் எப்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ அப்படி நாமும் நடப்போம்.

வசதியில்லாத பிள்ளைகள் என்ன செய்வது என்று கேட்கலாம். அவர்கள் சிங்கப்பூரிலேயே தொடங்கலாம். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயம் கோதிக் பாணியைப் பின்பற்றியது. அதைக் கட்டியவை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைகள். சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் கலந்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு அதன் சுவரில் ஏறியது. ஓஃபிர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்திலும் அதே கூர்முனை வளைவுகளைக் காணலாம்.

வரும் சனிக்கிழமை உங்கள் பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஒரு சன்னலை அளந்து வரையச் சொல்லுங்கள். அதைப் பொறுமையாகச் செய்து முடிக்கும் பிள்ளை ஐரோப்பாவுக்குப் போனால், நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் பயன் உண்டு.