மஞ்சக் கடுதாசியும் எட்டணாவும்

எங்கள் முட்டத்தில் ஒருவனைப் பற்றி மோசமாகச் சொல்ல நிறைய வழி உண்டு. அதில் ஒன்று, "அவன் மஞ்சக் கடுதாசி குடுத்தவன்லா." இதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. கடனை வாங்கி ஏப்பம் விட்டவன், வக்கீலை வைத்து ஊரை ஏமாற்றியவன் என்று அர்த்தம். ஐ.பி. போட்டவன் என்றும் சொல்வார்கள். இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம் அது.

இந்த வசவுக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நிரல் படிப்பது மாதிரி, ஒவ்வொரு பிரிவும் எதை அழைக்கிறது, எங்கே போய் முடிகிறது என்று குறித்துக்கொண்டே படித்தேன். படித்தபின் தோன்றியது இதுதான்: இந்தச் சட்டம் ஏமாற்றுக்காரனுக்காக எழுதப்பட்டதல்ல. நொடித்துப்போன நேர்மையான ஆளுக்கு ஒரு வாசல் வைக்கத்தான் எழுதினார்கள். ஆனால் வாசலை யாருக்கும் காட்டவில்லை.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. தமிழில் 'கடன்காரன்' என்றால் கடன் வாங்கியவனும்தான், கொடுத்தவனும்தான். "கடன்காரன் வாசல்ல நிக்கான்" என்றால் ஒருவன், "அவன் பெரிய கடன்காரன்" என்றால் இன்னொருவன். சட்டம் பேசும்போது இது குழப்பும். அதனால் வாங்கியவர், கொடுத்தவர் என்றே எழுதுகிறேன்.

இந்தியாவில் இதற்கு இரண்டு பழைய சட்டங்கள். கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை என்றால் உயர் நீதிமன்றத்தில் அஃபிஷியல் அசைனி. மாவட்டம் என்றால் அஃபிஷியல் ரிசீவர். வேலை ஏறத்தாழ ஒன்றுதான், பெயர்தான் வேறு. அதற்கும் முன்னால் 1828இலும் 1848இலும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இந்த மூன்று நகரங்களுக்கென்று சட்டம் போட்டிருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கடன் கட்டாதவனைச் சிறையில் வைப்பது சாதாரணம். எழுத்தாளர் டிக்கன்ஸின் அப்பாவே 1824இல் மார்ஷல்சி சிறையில் கடனுக்காக இருந்தவர். உள்ளே இருக்கிறவன் எப்படிச் சம்பாதித்துக் கடனை அடைப்பான் என்ற எளிய கேள்விக்குப் பதில் தேடித்தான் நொடிப்புச் சட்டம் வளர்ந்தது.

மதராஸில் இது பெரிதாக வெடித்தது 1906 அக்டோபர் 22. அர்பத்நாட் கம்பெனி அன்று கதவை மூடியது. பணம் போட்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1907இன் இந்தியன் வங்கி. கம்பெனி நொடித்த கதையில் நமக்கு ஒரு வங்கியாவது கிடைத்தது. தனிமனிதன் நொடித்தால் கிடைப்பது மஞ்சக் கடுதாசி என்ற பட்டப்பெயர் மட்டும்.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு சின்ன விசேஷம். 1920 சட்டத்தின் முதல் பிரிவைப் பார்த்தால், 1956 நவம்பர் 1க்கு முன் 'பி' பகுதி மாநிலங்களாக இருந்த இடங்களுக்கு இது பொருந்தாது என்று இருக்கும். திருவிதாங்கூர்-கொச்சி அப்படிப்பட்ட மாநிலம். அதாவது திருநெல்வேலிக்காரர் ஒரு சட்டத்தில் நொடித்தபோது, ஆரல்வாய்மொழி தாண்டி இந்தப் பக்கம் இருந்தவர் வேறு சட்டத்தில் நொடித்தார். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் மதராஸ் மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கே நீட்டிக்கப்பட்டன.

இனி கடுதாசிக்கு வருவோம். யார் நொடித்தவர் என்பதற்குச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் சில அடையாளங்கள் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தவர்களுக்குக் கிடைக்காதபடி சொத்தை மாற்றுவது, வீட்டை விட்டுப் போய்விடுவது, கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வது, இப்படி. அதில் ஒன்று, 'இனி என்னால் கட்ட முடியாது, நிறுத்திவிட்டேன்' என்று கொடுத்தவருக்கு அறிவிப்பது. வக்கீல் வழியாக வரும் அந்த அறிவிப்புதான் மஞ்சக் கடுதாசி. ஊர் நினைப்பது, கடுதாசி வந்ததோடு கடன் போச்சு என்று. அப்படி இல்லவே இல்லை. அது வெறும் தகவல். கோர்ட்டில் மனு போட்டு, அதை ஏற்று, நொடித்தவர் என்று தீர்ப்பு வந்த பிறகுதான் சட்டம் வேலை செய்யத் தொடங்குகிறது. நிறையப் பேர் கடுதாசியோடு நிறுத்திவிடுவார்கள். கொடுத்தவர் பயந்துபோய்ப் பாதிக்கு ஒத்துக்கொண்டால் அதுவே லாபம். வசவு பிறந்த இடம் இதுதான் என்பது என் ஊகம்.

மனு போட எவ்வளவு கடன் இருக்க வேண்டும்? 500 ரூபாய். 1920இல் வைத்த அதே தொகை. கடனுக்காகக் கைதாகியிருந்தாலோ, சொத்து ஜப்தியில் இருந்தாலோ அந்த 500கூட வேண்டாம். தீர்ப்பு வந்தவுடன் நொடித்தவரின் சொத்து முழுவதும் கோர்ட்டுக்கோ ரிசீவருக்கோ போய்விடும். அதற்கு மாற்றாக, கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் அந்தக் கடனுக்காக வழக்குப் போட முடியாது. கைது வேண்டாம் என்று பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம்.

எல்லாமே போகும் என்றாலும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தி செய்யக்கூடாது என்று சொல்லும் பொருட்கள் தப்பிக்கும். உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில் படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் உழவுச் சாமான்கள், மாடு, விதை. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு கடற்கரைக்காரனுக்கு இயல்பாகத் தோன்றும்: வள்ளமும் வலையும் எங்கே? உழவனுக்குக் கலப்பை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. மீன்பிடிக்கிறவன் தன் வலையைக் 'கைவினைஞரின் கருவி' என்ற பைக்குள் நுழைத்து வாதாட வேண்டியிருக்கிறது. சட்டம் எழுதினவர்கள் கரையில் நின்று வயலைப் பார்த்தவர்கள். பின்னால் திரும்பிக் கடலைப் பார்க்கவில்லை.

சொத்தைப் பொண்டாட்டி பேருக்கு எழுதிவிட்டு ஐ.பி. கொடுப்பதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அதற்கும் 53ஆம் பிரிவில் பூட்டு இருக்கிறது. மனு போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள், நியாயமான விலை வாங்காமல் கைமாற்றியதை ரத்து செய்ய முடியும். மூன்று மாதத்துக்குள் ஒருத்தருக்கு மட்டும் சலுகை காட்டிக் கடனை அடைத்திருந்தால் 54ஆம் பிரிவு வரும்.

உண்மையான விஷயம் இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. நொடித்தவர் என்ற தீர்ப்பு கடனை அழிக்காது. கடனை அழிப்பது 'டிஸ்சார்ஜ்' என்ற இரண்டாவது உத்தரவு. முதல் தீர்ப்பிலேயே, இத்தனை மாதத்துக்குள் டிஸ்சார்ஜ் கேட்டு வா என்று கோர்ட் காலம் குறிக்கும். அதற்குள் போய்க் கேட்காவிட்டால் 43ஆம் பிரிவின்படி தீர்ப்பே ரத்து. பாதுகாப்பு போச்சு, கடன் திரும்ப உயிர் பெறும். டிஸ்சார்ஜ் வரும்வரை புதிதாகச் சம்பாதித்து வாங்கும் சொத்தும் ரிசீவருக்குத்தான். அந்த இடைக்காலத்தில் 'நான் நொடித்தவன்' என்று சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறை. ஐம்பது ரூபாய். இன்றைக்கு இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டுக் கணக்கில் எழுதச் சொன்னால் தாண்டிவிடும்.

அந்த டிஸ்சார்ஜுக்கும் ஒரு கணக்கு உண்டு. நொடித்தவரின் சொத்து, அடமானம் இல்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது தேற வேண்டும். தேறாவிட்டால் முழுமையான விடுதலை கிடையாது. எட்டணா! சொத்து பாதிகூட இல்லாமல் போனதால்தானே மனிதன் கோர்ட்டுக்கு வருகிறான் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அதே வரியில் ஒரு விலக்கு இருக்கிறது. பாதி தேறாததற்குக் காரணம், நியாயமாக அவரைப் பொறுப்பாக்க முடியாத சூழ்நிலை என்று காட்டினால் போதும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்ததை இந்தப் பக்கம் யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். போன படகு, போன எஞ்சின், அதன்மேல் இருந்த கடன். எட்டணா விலக்கு எழுதப்பட்டது இந்த மாதிரி ஆளுக்குத்தான். புயல் யாருடைய ஊதாரித்தனமும் அல்ல. ஆள் திரும்பவே இல்லை என்றால் விஷயம் இன்னும் தெளிவு. இறந்தவரின் சொத்து எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ, அந்த அளவுக்கு மட்டும்தான் வாரிசு பொறுப்பு. ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை. புருஷன் வாங்கிய கடனுக்கு அவளும் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் கதை மாறும். ஏனென்றால் டிஸ்சார்ஜ் வாங்கியவர் மட்டுமே தப்பிக்கிறார்; ஜாமீன் நின்றவரும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவரும் தப்பிப்பதில்லை. 44ஆம் பிரிவு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. நகைக்கடனும் படகு அடமானமும் இந்த வளையத்துக்கு வெளியே. அடமானம் பிடித்தவர் தன் பொருளை விற்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் அப்பா ஐ.பி. போட்டு, அம்மா ஜாமீன்தாராக மாட்டிக்கொண்டால் அந்த வீட்டுக்குச் சட்டத்தால் என்ன ஆதாயம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜெயிலுக்குப் போடுவேன் என்ற மிரட்டலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவில் கடனுக்குச் சிறை இன்னும் சட்டத்தில் இருக்கிறது, அதிகபட்சம் 3 மாதம். ஆனால் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கையில் இல்லாத காரணத்துக்காக ஒருவனை அடைக்க முடியாது, வைத்துக்கொண்டே கொடுக்க மறுக்கும் கெட்ட எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று எழுதினார். கொச்சியின் ஒரு வங்கிக் கடனில் எழுந்த வழக்கு. மிரட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். 2003இலிருந்து கந்துவட்டித் தடைச் சட்டமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு தீக்குளித்தது. சட்டம் இருப்பதற்கும் அது ஆளின் கையில் இருப்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அது.

'இதெல்லாம் பழசு, 2016இல் புதுச் சட்டம் வந்துவிட்டதே' என்று கேட்கலாம். வந்தது. கம்பெனிகளுக்கு அமலுக்கும் வந்தது. தனிமனிதர்களுக்கான மூன்றாம் பாகத்தை, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். வங்கிகள் பெரிய முதலாளிகளைப் பிடிக்க அது உதவும். சாதாரண ஆளுக்கு இதை எழுதும் நாள் வரை 1909ம் 1920ம்தான். சட்டப் புத்தகத்தில் உள்ள 'புதுத் தொடக்கம்' என்ற அத்தியாயம் படிக்க நன்றாகவே இருக்கும்: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இருக்கக்கூடாது. இருந்தால் 180 நாள் யாரும் தொடக்கூடாது, பிறகு கடன் தள்ளுபடி. தொழிலுக்கு வேண்டிய அடமானமில்லாத கருவிகளும் வாகனங்களும் விலக்கு என்று அந்தப் பாகத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். வள்ளத்துக்காக வாதாட அது இன்னும் நல்ல வரி. அமலில் இல்லாத வரி. அமலுக்கு வந்தாலும் 35,000 ரூபாய்க் கடனோடு நிற்கிற வள்ளக்காரரை முட்டத்தில் தேட வேண்டும். ஒரு அவுட்போர்டு எஞ்சின் விலைக்கே அது காணாது.

இன்னொரு சிக்கல், முட்டத்துக் கடன் பெரும்பாலும் கோர்ட் புரிந்துகொள்ளும் வடிவத்தில் இருப்பதே இல்லை. ஏலக்காரர் முன்பணம் கொடுப்பார். வட்டி என்று ஒன்றும் எழுத மாட்டார். பதிலுக்குப் பிடித்து வரும் மீனை அவர்தான் ஏலம் விடுவார், ஒவ்வொரு ஏலத்திலும் கமிஷன் எடுத்துக்கொள்வார். எத்தனை வருஷம் கமிஷன் போனாலும் அசல் அப்படியே நிற்கும். வேறு ஏலக்காரரிடம் போக வேண்டுமென்றால் அசலை மொத்தமாக வைக்க வேண்டும். தவணை இல்லை, தவறுதலும் இல்லை, அதனால் முடிவும் இல்லை. மழை மாதத்தில் அரிசிக்குக் கை நீட்டுவதும் அதே ஏலக்காரரிடம்தான். அவருக்கு மஞ்சக் கடுதாசி அனுப்பிவிட்டு மறுநாள் மீனை யாரிடம் கொண்டு போவது?

இந்தக் கடனை உடைத்தது கோர்ட் அல்ல, சங்கம். திருவனந்தபுரம் பக்கம் மரியநாட்டில் தொடங்கிய வழியில், கரையோர ஊர்களில் மீனவர் சங்கங்கள் எழுந்து, சிஃப்ஸ் என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்தன. மீனைச் சங்கமே ஏலம் விடும். விற்ற தொகையில் ஒரு சதவீதம் கடனுக்கும், ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்படும். நிறையப் பட்டால் நிறைய அடையும். ஒன்றும் படாத நாளில் ஒன்றும் கட்ட வேண்டாம். ஜூன், ஜூலை இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாத கரையில், மாதத் தவணையைவிட இது எவ்வளவு புத்திசாலித்தனமானது! முக்கியமாக, அசல் குறையும். ஒருநாள் முடியும்.

ஆனால் சங்கத்திலும் கணக்கு உண்டு, அந்தக் கணக்குக்கு வெளியே நுண்கடன் குழு, நகைக்கடன், தெரிந்தவரிடம் கைமாற்று என்று கடன்கள் வேறு. எல்லாம் சேர்ந்து நெரிக்கும்போது போக வேண்டிய இடம் நாகர்கோவில் கோர்ட்தான். போகிறவர் மூன்று விஷயம் கேட்டுக்கொண்டு போகட்டும்: வீட்டில் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், டிஸ்சார்ஜுக்குக் குறித்த தேதி எது, எட்டணா தேறாததற்குக் காரணம் காட்ட என்ன காகிதம் கையில் இருக்கிறது. எஞ்சின் வாங்கிய ரசீது, ஏலச் சீட்டு, படகு சேதமானதற்கு மீன்வளத்துறையில் கொடுத்த மனுவின் நகல், எதையும் தூக்கிப் போட வேண்டாம். கணக்கு வைக்காதவருக்கு முழு விடுதலை மறுக்க அந்த 42ஆம் பிரிவிலேயே இன்னொரு வரி இருக்கிறது.