வேறு கமராவில் பழைய லென்ஸ்: எஞ்சிய படங்களைப் பிரதியெடுக்க ஒரு வழி

சில மாதங்களுக்கு முன்னர் கிளிநொச்சியில் இருந்து மாமி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். 2009இல் போரின் கடைசி நாட்களில் காணாமலாக்கப்பட்ட மகனின் கடவுச்சீட்டு அளவுப் படமொன்றைக் கைப்பைக்குள் வைத்திருந்தார். அவரிடம் இருக்கும் ஒரே படம் அதுதான். லமினேற் செய்தும் நிறம் போய், முகம் செம்மஞ்சளாக மங்கியிருந்தது. அதை என் கைபேசியில் எடுத்து, பெரிதாக்கிக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதில அவன்ர தழும்பைக் காணேல்லையே" என்றார்.

இடது புருவத்துக்கு மேல் சிறுவயதில் விழுந்த காயத்தின் தழும்பு. மூலப் படத்தில் மெல்லிய கோடாக இருந்தது. கைபேசிப் பிரதியில் இல்லை. பல கைபேசிகள் படத்தை எடுத்தவுடன் புள்ளிகளையும் சொரசொரப்பையும் மென்பொருள் மூலம் தாமாகவே வழித்துவிடுகின்றன. சாதாரண படமென்றால் பரவாயில்லை. காணாமல்போன ஒருவரின் படத்தில் தழும்பு என்பது அங்க அடையாளம்.

அப்போதுதான் சித்தப்பாவின் லென்ஸ் நினைவுக்கு வந்தது.

சித்தப்பா சுன்னாகத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். இறந்தவரின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, அந்தியேட்டிக் கல்வெட்டுக்குக் கொடுப்பது அந்த நாட்களில் ஸ்ரூடியோக்களின் முக்கிய வேலைகளில் ஒன்று. அதற்காகவே 55 மில்லிமீற்றர் மைக்ரோ நிக்கோர் லென்ஸ் ஒன்றை வாங்கியிருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, கமராவையும் இரண்டு லென்ஸ்களையும் மட்டுமே அவரால் தூக்க முடிந்தது. கொடிகாமத்தில் அரிசிக்காகக் கமராவை விற்றார். வாங்கியவருக்குச் சாதாரண லென்ஸ் போதுமாக இருந்ததால், மைக்ரோ லென்ஸ் எங்களிடம் தங்கிவிட்டது. 1996இல் திரும்பி வந்தபோது ஸ்ரூடியோவுக்குக் கூரை இல்லை. நெகற்றிவ்கள் மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

என்னிடம் இருப்பது ரொறன்ரோவில் உள்ள மச்சான் அனுப்பிய சொனி ஏ6000 கமரா. நிக்கோன் லென்ஸை அதில் நேரடியாகப் பூட்ட முடியாது. ஆனால் நடுவில் ஒரு வளையம் வைத்தால் முடியும். இது எப்படி, எந்தக் கமராவுக்கு எந்த லென்ஸ் பொருந்தும் என்பதை, இப்படியொரு லென்ஸ் வீட்டில் கிடப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு கணக்கு

லென்ஸ் பூட்டும் உலோக விளிம்பில் இருந்து, உள்ளே படம் பதியும் சென்சர் அல்லது பிலிம் வரையான தூரம் ஒவ்வொரு கமரா வகைக்கும் நிலையானது. பழைய கமராக்களில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் மேலும் கீழும் அசையும் கண்ணாடி இருந்ததால் இந்தத் தூரம் அதிகம். நிக்கோன் எஃப் வகைக்கு 46.5 மில்லிமீற்றர், பென்ரக்ஸ் கே வகைக்கு 45.46, கனன் ஈஎஃப் வகைக்கு 44, மினோல்ரா எம்டி வகைக்கு 43.5, பழைய கனன் எஃப்டி வகைக்கு 42. அந்தக் கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கமராக்களில் தூரம் மிகக் குறைவு: நிக்கோன் இசட் 16, பூஜி எக்ஸ் 17.7, சொனி ஈ 18, கனன் ஆர்எஃப் 20.

லென்ஸின் எண் கமராவின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், மிச்சத் தூரத்தை ஒரு வெறும் உலோக வளையத்தால் நிரப்பலாம். இதைத்தான் அடப்டர் என்கிறார்கள். என் விடயத்தில் 46.5இல் இருந்து 18ஐக் கழித்தால் 28.5 மில்லிமீற்றர். அடப்டரின் தடிப்பு அதுதான். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறைவதில்லை, விலையும் அதிகமில்லை.

லென்ஸின் எண் சிறிதாக இருந்தால் இது சரிவராது. வளையம் வைத்தால் லென்ஸ் சென்சரில் இருந்து இன்னும் விலகி, தூரத்துப் பொருட்கள் தெளிவாக விழாது. கனன் ஈஎஃப் லென்ஸை நிக்கோன் டீஎஸ்எல்ஆர் கமராவில் பாவிக்க முடியாததற்குக் காரணம் இதுவே. மறுபக்கமாக, நிக்கோன் எஃப் லென்ஸைக் கனன் டீஎஸ்எல்ஆரில் 2.5 மில்லிமீற்றர் வளையத்துடன் பூட்டலாம். ஒரே நிறுவனத்துக்குள்ளும் இந்தக் கணக்குத்தான். 1987இல் கனன் ஈஎஃப் வகைக்கு மாறியபோது, அதன் சொந்த எஃப்டி லென்ஸ்கள் புதிய கமராக்களுக்குப் பொருந்தாமல் போயின. இன்றைய மிரர்லெஸ் கமராக்களில் அதே எஃப்டி லென்ஸ்கள் மீண்டும் வேலை செய்கின்றன.

வாங்குவதற்கு முன்

லென்ஸின் உடலில் எஃப் எண்கள் பொறித்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எளிய அடப்டரே போதும்; துவாரத்தைக் கையால் கூட்டிக் குறைக்கலாம். நிக்கோனின் ஜி வகை லென்ஸ்களில் அந்த வளையம் இல்லை; அவற்றுக்குத் துவாரத்தை மாற்றும் வளையம் அடப்டரிலேயே இருக்க வேண்டும். கனன் ஈஎஃப் லென்ஸ்களின் துவாரம் மின்சாரத்தால் இயங்குவதால், மின்தொடுப்புள்ள, விலை கூடிய அடப்டர் வேண்டும்.

டீஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய நிக்கோன் லென்ஸை நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் அடப்டர் இல்லாமலே பூட்டலாம். ஆனால் ஒளியளவைக் கமரா காட்டாது, நீங்களே பரீட்சித்துப் பார்க்க வேண்டும். 1977க்கு முந்திய, மாற்றம் செய்யப்படாத நிக்கோன் லென்ஸ்கள் வேறு பல நிக்கோன் கமராக்களின் விளிம்பைச் சேதப்படுத்தக்கூடும், வலிந்து திருகாதீர்கள்.

பெட்டகத்தில் நெடுநாள் கிடந்த லென்ஸை முதலில் ரோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்திவலை போன்ற நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். எங்கள் கடற்காற்றின் ஈரத்தில் அது விரைவாகப் பிடிக்கும். ஓரத்தில் சிறிதளவு என்றால் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. முழுவதும் படர்ந்திருந்தால் பழகிய கையிடம் கொடுத்துத் துப்புரவு செய்ய வேண்டும். பின்னர் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வையுங்கள்.

பூட்டிய பின்

கமராவுக்கு இப்போது லென்ஸ் இருப்பதே தெரியாது. பல கமராக்கள் அந்த நிலையில் படம் எடுக்க மறுக்கும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் எடு' என்ற பொருளில் வரும் தெரிவை இயக்கி, ஏ அல்லது எம் நிலையில் வையுங்கள். தானியங்கிக் குவியம் இராது. திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி லென்ஸ் வளையத்தைத் திருப்புங்கள். விலை குறைந்த அடப்டர்களின் தடிப்பு சற்றுக் கூடிக் குறையும் என்பதால் லென்ஸில் உள்ள தூர எண்களை நம்ப வேண்டாம். ஏ6000 போன்ற சிறிய சென்சர் கமராவில் 55 மில்லிமீற்றர் லென்ஸ், முழுச் சட்டகக் கமராவில் 82 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டும் அளவு காட்சியையே காட்டும்.

படத்தைப் பிரதியெடுத்தல்

மைக்ரோ நிக்கோர் லென்ஸ்களின் தொடக்கமே ஆவணப் பிரதிதான். யப்பானிய எழுத்துகளின் நெருக்கமான கோடுகள் மைக்ரோபிலிமில் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக, 1956இல் நிக்கோன் அதன் முதல் லென்ஸை வெளியிட்டது. சித்தப்பாவின் லென்ஸ் பொருளைப் பாதி அளவில் சென்சரில் விழுத்தும். ஏ6000இல் அது 47க்கு 31 மில்லிமீற்றர் பரப்பு. கடவுச்சீட்டுப் படம் 45க்கு 35 என்பதால், சற்றுப் பின்னுக்கு வந்தால் முழுப் படமும் சட்டகத்தை நிரப்பிவிடும்.

படத்தை மேசையில் தட்டையாக வைத்து, கமராவை முக்காலியில் நேர்கீழாகத் திருப்புங்கள். படம் இருக்கும் இடத்தில் சிறிய முகக்கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் விம்பம் திரையின் நடுவில் விழும்வரை கமராவைச் சரிசெய்தால், இரண்டும் சமாந்தரம். ஒரே வகையான இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகைச் சரிவில் வைத்து, மற்ற விளக்குகளை அணையுங்கள். லமினேற் பளபளத்தால் கமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி பிடியுங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரோ கோப்பு, 2 செக்கன் தாமதம். லமினேற்றையோ, சட்டகக் கண்ணாடியில் ஒட்டிய படத்தையோ உரிக்க வேண்டாம்; ஒட்டியபடியே எடுங்கள். உரிக்கும்போது முகமும் சேர்ந்து வரலாம்.

நிறத்தைத் திருத்துவதானால் ஒரு பிரதியில் மட்டும் திருத்துங்கள். திருத்தாத மூலக் கோப்பை அப்படியே வைத்து, பெயர், ஊர், படம் எடுத்த ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்து எழுதி, ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை வெளிநாட்டு உறவினரிடமும் வையுங்கள். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருந்து இழந்தவர்கள் நாங்கள்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் ஏந்தியிருந்ததும் இத்தகைய படங்களைத்தான். வெளிச்சத்திலும் வெக்கையிலும் ஈரத்திலும் வண்ணப் படங்களின் சாயம் தொடர்ந்து மங்கிக்கொண்டே இருக்கும். மங்கிப்போன விபரத்தை எந்த லென்ஸும் திருப்பித் தராது. ஆகையால் இருக்கும் படத்தை இன்றே எடுத்துவிடுவது நல்லது.

மாமியின் படத்தை அன்று பின்னேரமே சித்தப்பாவின் லென்ஸால் எடுத்தோம். கணினித் திரையில் பெரிதாக்கியபோது புருவத்துக்கு மேலிருந்த கோடு தெரிந்தது. மாமி விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பிரதிகள் அச்சிட்டுக் கொடுத்தேன். பழைய படத்தையும் கவனமாகக் கேட்டு வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.