கொலோன் பேராலயமும் காலக் கணிப்பும்

செருமனியில் இரைன் ஆற்றின் மேலைக்கரையில் நிற்கும் கொலோன் பேராலயத்தைக் காணச் செல்வோர், புகைவண்டி நிலையத்தை விட்டு வெளிவந்ததும் அதன் இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து நோக்கி வியப்பர். ஏறத்தாழ 157 மீட்டர் உயர்ந்து, நுண்ணிய கல்வேலை செறிந்து, காலத்தாற் கறுத்து விளங்கும் அம்முகப்பு முழுவதும் இடைக்காலப் படைப்பே என்று எண்ணத் தோன்றும். நாமும் முதற்கண் அங்ஙனமே எண்ணினோம். ஆயின் வரலாறு வேறு கூறுகின்றது.

மிலான் நகரினின்று 1164-இல் கொணரப்பெற்ற மூவரசர் திருவெச்சங்களை வழிபட அடியார் பெருந்திரளாக வந்தமையின், முன்னையதினும் பெரியதோர் ஆலயம் வேண்டப்பட்டது. 1248 ஆகஸ்டு 15-இல் பேராயர் கொன்ராடு அதற்கு அடிக்கல் நாட்டினார். கெரார்டு என்பார் முதற் பெருந்தச்சர். பீடம் அமைந்த கீழைப்பகுதி 1322-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. பின்னர்ப் பணி படிப்படியே தளர்ந்து, 1560-ஐ ஒட்டி அறவே நின்றது. குறையாய் நின்ற தென்கோபுரத்தின்மீது பாரந்தூக்கும் மரப்பொறி ஒன்று 1868 வரை நிலைத்திருந்து, அந்நகரின் அடையாளமாகவே விளங்கிற்று.

முகப்பின் இடைக்கால வரைபடம், நான்கு மீட்டருக்கும் மிக்க நீளமுடையது, இரு கூறாகச் சிதறிக் கிடந்தது. ஒரு கூறு 1814-இல் தார்ம்சுடாட்டு நகரிலும், மற்றது 1816-இல் பாரிசிலும் கண்டெடுக்கப்பட்டன. அதனைத் தழுவியே, 1842-இல் மீண்டும் தொடங்கிய பணி 1880-இல் நிறைவெய்தியது.

எனவே, தென்கோபுரத்தின் கீழ்ப்பகுதி நீங்கலாக, முகப்பின் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டினர் கைவினையே. இதுகொண்டு அதனை வெறும் போலி என ஒதுக்குவாரும் உளர். அது பொருந்தாது. ஏடு பெயர்த்தெழுதப்பட்ட காலம் நூல் தோன்றிய காலம் ஆகாது என்பதை நாம் நன்கறிவோம். கல் புதியதாயினும் கருத்துப் பழையது.

எனினும், இவ்வொப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. கூரையைத் தாங்குவது மரமன்று, இரும்பு. கட்டியோர் தம் காலக் கருவியைக் கைவிட்டிலர். நோக்கமும் மாறிற்று. அடியார்க்கெனத் தொடங்கிய ஆலயம் செருமானியர் ஒற்றுமையின் சின்னமாக முடிந்தது. 1880-இல் நிகழ்ந்த நிறைவு விழாவிற் பேரரசர் முதலாம் வில்லியம் வீற்றிருந்தார்; அரசோடு கொண்ட பிணக்கால் நாடு நீங்கிய பேராயரோ அயல்நாட்டில் வாழ்ந்தார். தலைமை தாங்க வேண்டியவர் இன்றியே ஆலயம் நிறைவுற்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஆகவே, ஒரு கட்டடத்தின் காலத்தை ஓராண்டாற் சுட்டுதல் சாலாது. கருதியவர் யார், செதுக்கியவர் யார், எதன்பொருட்டு முடித்தனர் என்னும் மூன்றனையும் தனித்தனியே வினாவுதல் வேண்டும். மேலை வாயிலிற் புகுந்து கீழைப்பீடம் நோக்கி நடப்பார், அறிந்தோ அறியாமலோ, காலத்திற் பின்னோக்கி நடக்கின்றனர். அதனை அறிந்து நடத்தலே வரலாற்று மாணவர்க்கு அழகு.