வெட்டுக்கிளி பிடித்த காலம்

போன மாதம் பள்ளி விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். பத்து வயது. எங்கள் வீட்டுப் பின்புறம் நான்கைந்து நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. ஒருநாள் மாலை தண்ணீர் பாட்டில் நிறைய வெட்டுக்கிளிகளைப் பிடித்து அடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"தாத்தா, கோழிக்குப் போடட்டுமா?"

"எங்கடா புடிச்ச?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகப் பட்டது. பையன் முகம் சுருங்கிவிட்டது.

மருமகள் சிரித்தாள். "என்ன மாமா, வெட்டுக்கிளிக்குக் கூட ஊர் விசாரிக்கிறீங்க?"

விசாரிக்கத்தான் வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத காரணம். இன்று எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது கும்மிடிப்பூண்டிக்கும் மாதர்பாக்கத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஊர். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1997இல்தான். ஏரிப் பாசனம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். மழை பொய்த்தால் ஒன்றோடு சரி. வீட்டுக்கு வீடு கோழி இருக்கும். ஆனால் கோழித் தீவனம் என்று ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவரும் இல்லை. குப்பைமேட்டைக் கிளறும், களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கும், குருணை கொஞ்சம் போடுவோம். மீதிக்குப் பூச்சிதான்.

அந்தப் பூச்சியைக் கொண்டுவருவது பிள்ளைகள் வேலை. கோடையில் கரையான். பழைய பானையில் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அது பால்சோறு மாதிரி. மழை விழுந்து வரப்பில் புல் தழைத்த பிறகு வெட்டுக்கிளி. பாதி ஊர் தெலுங்கு பேசும் பக்கம் என்பதால் எங்கள் தெருவில் அதற்கு 'மிடத' என்றும் பெயர்.

எனக்குப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது ஆயா. அவரிடம் மூன்று விதிகள் இருந்தன. முதலாவது, பனி காய்வதற்கு முன்னால் போகவேண்டும். குளிரில் வெட்டுக்கிளிக்கு உடம்பு விறைத்திருக்கும், தத்தாது. வெயில் ஏறிவிட்டால் நீ ஒரு அடி வைத்தால் அது பத்து அடி போய்விடும். இரண்டாவது, குஞ்சுக்குப் போடும்போது பின்னங்காலை ஒடித்துவிட வேண்டும். "முள்ளுக் காலுடா அது, தொண்டையில மாட்டிக்கும்" என்பார். மூன்றாவது, எருக்கஞ்செடியில் இருப்பதைத் தொடக்கூடாது. மஞ்சளும் நீலமுமாக வரி போட்டுப் பார்க்க அழகாக இருக்கும். அதன் குஞ்சை நசுக்கினால் சர்ரென்று ஒரு நீரைப் பீய்ச்சும். எருக்கம்பாலின் விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் பூச்சி அது என்று பின்னாளில் படித்தேன். பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்கு அது தெரிந்திருந்தது.

கம்பியை வளைத்துக் கிழிந்த கொசுவலையைத் தைத்து ஒரு வலை வைத்திருந்தேன். வரப்போரம் புல்லின்மேல் வீசிக்கொண்டே நடந்தால் அரைமணி நேரத்தில் பால்பவுடர் டப்பா நிறைந்துவிடும்.

இது சிறுபிள்ளை விளையாட்டு இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. நெல் வெட்டுக்கிளியைப் பற்றி மைசூர் சமஸ்தான வேளாண் துறையிலிருந்து கோல்மன், குன்ஹிகண்ணன் என்ற இருவர் 1911இல் ஒரு அறிக்கை எழுதியிருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் பூச்சியியல் அதிகாரியாக இருந்த ஃப்ளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார். அந்தக் காலத்தில் சர்க்கார் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? வயலில் பெரிய வலைப் பைகளை இழுத்து வெட்டுக்கிளியை வாருவது. அறுப்பு முடிந்ததும் வரப்பைச் செதுக்குவது. இந்தப் பூச்சி வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். வரப்பு மண்ணுக்குள் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். மழை வந்ததும் முட்டை பொரியும். கோடையில் வரப்பைச் செதுக்கினால் முட்டைகள் வெயிலில் காயும், காக்கையும் மைனாவும் கொத்தும். எங்கள் நைனா வருடா வருடம் மண்வெட்டியோடு வரப்புக் கழித்தது அழகுக்காக இல்லை.

ஆக, பயிருக்குக் கெடுதலான ஒன்றைப் பிடித்து முட்டையாக மாற்றிக்கொண்டிருந்தோம். அந்த முட்டைக் காசு அம்மாவுடையது. வாரம் ஒருமுறை கூடைக்காரர் வந்து எடுத்துப்போய் ரயிலில் மதராசுக்குக் கொண்டுபோவார். எண்ணெய், சோப்பு, எங்கள் நோட்டுப் புத்தகம் எல்லாம் அதில்தான்.

1966இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. எங்கள் பக்கம் வந்துசேர இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். குட்டை நெல், உரம் அதிகம் கேட்கும், பூச்சியும் கூடவே வரும். குருத்துப்பூச்சிக்கு எண்டிரின், வெட்டுக்கிளிக்கு பி.எச்.சி. பொடி என்று மருந்துகள் வந்தன. எண்டிரின் என்ற பெயர் எதற்கெல்லாம் பயன்பட்டது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1958இல் கேரளத்தில் பூச்சிமருந்து பட்ட கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பின்விளைவாகத்தான் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமே வந்தது. சட்டம் டில்லியில் இருந்தது. எங்கள் ஊரில் மருந்து டப்பாவைக் கழுவி அரிசி அளந்தவர்கள் இருந்தார்கள்.

1969 சம்பாப் பட்டம். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக் கட்டணத்துக்காக அம்மா முட்டைக் காசைத் தனியாக முடிந்து வைத்திருந்தார். ஆறு பெட்டைகள் முட்டையில் இருந்தன, இன்னொன்று குஞ்சுகளோடு. ஒரு சனிக்கிழமை எழுந்திருக்க நேரமாகிவிட்டது. வெயில் ஏறிய பிறகு போனேன். எங்கள் வயலில் ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்து வயலின் வரப்பில் பார்த்தால் வெட்டுக்கிளிகள் மல்லாந்து கிடந்தன. சில காலை உதறிக்கொண்டிருந்தன. வலையே தேவைப்படவில்லை. கையால் அள்ளினேன். ஒரு மாதிரி நெடி அடித்தது. முந்தின நாள் அங்கே மருந்து அடித்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், செத்தது வெட்டுக்கிளிதானே என்று நினைத்துவிட்டேன். பதினாறு வயதுப் புத்தி.

டப்பாவைக் கொட்டியதும் கோழிகள் போட்டி போட்டுத் தின்றன. மதியத்துக்குள் குஞ்சுகள் விழுந்தன. பெட்டைகள் தள்ளாடி, கழுத்து பின்னுக்கு இழுத்து, இறக்கையை அடித்துக்கொண்டு விழுந்தன. இருட்டுவதற்குள் ஒரு சேவலும் ஒரு பெட்டையும்தான் மிச்சம்.

ஆயா கோழிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கழிச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, இது என்னாடி நோவு?" என்றார். அம்மா வெள்ளைக்கழிச்சல் என்றே முடிவு செய்துவிட்டார். தின்னலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டபோது மட்டும் நான் வேண்டாம் என்று கத்தினேன். குழி தோண்டிப் புதைத்தது நான்தான். டப்பாவையும் அதிலேயே போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பரீட்சைக் கட்டணம் கட்டினோம். அம்மாவின் பித்தளைத் தவலை அடகுக்கடைக்குப் போயிற்று. அது திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு நான் வெட்டுக்கிளி பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் ஊரில் யாருமே பிடிக்கவில்லை. மருந்து ஒரு காரணம். லேயர் கோழியும் பிராய்லர் கோழியும் இன்னொரு காரணம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் கலந்த மூட்டைத் தீவனம் வந்தது. நாமக்கல் முட்டை லாரியில் வந்தது. கூடைக்காரர் வருவது நின்றது. பிறகு சிப்காட் வளாகம் வந்தது. வயல் போன இடத்தில் எங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. நானும் அங்கே ஒரு ஆலையில் வேலை பார்த்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். குறை சொல்ல எனக்கு வாயில்லை. எண்டிரினை 1990இலும் பி.எச்.சி.யை 1997இலும் அரசு தடை செய்தது. அதற்குள் வேறு மருந்துகள் வந்துவிட்டன.

2020இல் வடக்கே பாலைவன வெட்டுக்கிளிப் படை வந்த செய்தி நினைவிருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியிலும் வந்துவிட்டது என்று பரபரப்பு. அதிகாரிகள் போய்ப் பார்த்து, இது அந்த வகை இல்லை என்றார்கள். எருக்கஞ்செடியில் இருந்த பூச்சிகள் அவை. செய்தியைப் பார்த்ததும் ஆயாவின் மூன்றாவது விதி ஞாபகம் வந்தது.

அதே வருடம் பிப்ரவரியில் பாகிஸ்தானின் ஒகாரா மாவட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. ராத்திரியில் வெட்டுக்கிளி பறக்காது, அசையாமல் கிடக்கும். ஜனங்களை விட்டு இரவில் பிடிக்கச் சொல்லி, கிலோவுக்கு 20 பாகிஸ்தான் ரூபாய் கொடுத்து வாங்கிக் கோழித் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். ஓர் இரவுக்குச் சராசரியாக 7 டன் சேர்ந்ததாம். உலர்ந்த வெட்டுக்கிளியில் பாதிக்கு மேல் புரதம். ஆனால் அவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அங்கே மருந்து தெளிக்கவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேரன் பிடித்தது எங்கள் தெருக்கோடியில் குத்தகைக்குப் பயிர் வைத்திருப்பவரின் வயலோரம். போனில் கேட்டேன். "நேத்துத்தான் மருந்து அடிச்சேன் அண்ணே" என்றார். பாட்டிலோடு புதைத்தோம். பையன் அழுதான். அவனிடம்தான் இந்தக் கதையை முதலில் சொன்னேன்.

மறுநாள் விடியலில் அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே யாரும் மருந்து அடிப்பதில்லை. பனி இருந்தது. முழங்கால் வலியோடு நான் ஏழு பிடித்தேன், அவன் நாற்பதுக்கு மேல். வெட்டுக்கிளி தின்னும் கோழிக்குக் குடற்புழு வரலாம், அதற்கு அவ்வப்போது மருந்து கொடுத்துவிட வேண்டும். மற்றபடி ஆயாவின் மூன்று விதிகளும் இன்றைக்கும் சரிதான். நான்காவதாக ஒன்றை நான் சேர்த்திருக்கிறேன்: எங்கே பிடித்தாய் என்று கேட்காமல் கோழிக்குப் போடாதே.

அம்மா போய் இருபது வருடம் ஆகிறது. அவரிடம் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார். அவ்வளவுதான்.