விசா கேளாத திருவிழா
கச்சத்தீவுக் கோவிலும் கடல் கடந்த நம் மக்களும்: ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்



நமது ஜூபிலி மலரில் கடலைப் பற்றியும் தீவைப் பற்றியும் கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கரிசல் மண்ணும், தீப்பெட்டி ஆபீசும், பட்டாசுத் தொழிலும் அன்றோ ஏழாயிரம்பண்ணையின் அடையாளங்கள்! ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. 1985-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை நாம் ராமநாதபுரம் மாவட்டத்து மக்கள். சாத்தூரும் சிவகாசியும் எந்த மாவட்டமோ, ராமேஸ்வரமும் அதே மாவட்டம். சேதுக்கரையின் கதை நமக்கு அயலார் கதை அன்று.

தவக்காலம் வந்துவிட்டால், "பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமலே இலங்கைக்குப் போகலாமாமே, மெய்தானா?" என்ற கேள்வி நம்மிடையே எழுவதுண்டு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவை மனத்தில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி இது. ஆம் என்றும் சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம். இரண்டும் எப்படி உண்மையாகும் என்பதை அறிய வேண்டுமானால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தடையை மீறிச் சென்ற குருவானவர்

1658-ல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையும் பிறந்தது. அண்டை நாட்டுக்குள் நுழைய ஒரு குருவானவருக்கு இருந்த விதி அன்று இதுதான்: நுழையவே கூடாது!

கோவாவில் 1651-ல் பிறந்த ஜோசப் வாஸ் அடிகளார், இலங்கையில் விசுவாசிகள் மேய்ப்பனின்றித் தவிப்பதைக் கேள்வியுற்றார். 1687-ல் நம் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில், ஜான் என்ற ஒரே ஒரு துணையுடன் கப்பலேறினார். யாழ்ப்பாணம் சேர்ந்ததும் கடும் வயிற்றுப்போக்கால் உயிருக்கே ஆபத்து வந்தது. பிழைத்தெழுந்தவர் பிச்சைக்காரனைப் போலக் கழுத்தில் ஜெபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்றார். அந்த ஜெபமாலையைக் கண்டு எந்த முகம் மலர்ந்ததோ அந்த வீடு கத்தோலிக்க வீடு! அவருக்கு இருந்த ஒரே அடையாளச் சீட்டு அதுதான்.

1692-ல் கண்டி இராச்சியத்துக்குச் சென்றபோது, போர்த்துக்கீசரின் ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். பின்னர் அரசனின் நன்மதிப்பைப் பெற்று, 1711 ஜனவரி 16-ல் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு மாநகரில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அதே காலத்தில் இக்கரையில் நடந்ததையும் நினைத்துப் பார்ப்போம். 1686-ல் புனித அருளானந்தர் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளானார். இந்நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்ற கட்டளையுடன் விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா சென்று திரும்பியவர், மறுபடியும் அதே நாட்டுக்குள் நுழைந்தார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூர் மணலில் இரத்தம் சிந்தினார். ஆக, எல்லையைக் கடப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதை நம் விசுவாசத்தின் தந்தையர் நன்கு அறிந்திருந்தனர்.

தகரவில்லையும் போட் மெயிலும்

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. இந்தியாவும் இலங்கையும் ஒரே முடியின் கீழ் இருந்தமையால் பாஸ்போர்ட் என்ற பேச்சே இல்லை. காப்பித் தோட்டத்துக்கும், பின்னர் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆட்கள் வேண்டியிருந்தனர். மழை பொய்த்த ராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கங்காணிமார் பின்னே குடும்பம் குடும்பமாக மக்கள் புறப்பட்டனர்.

விசா இல்லை என்பதால் விதியும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை ஒன்று கூலியாட்களுக்குக் கொடுக்கப்பட்டது. வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டது. ஆளும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்! மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் காலரா, பிளேக் நோய்களுக்கு அஞ்சி அவர்களைச் சில நாட்கள் தங்கவைத்து, மருந்தடித்து, அம்மை குத்திய பிறகே கப்பலேற்றினர்.

1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் பயணம் எளிதாயிற்று. சென்னை எழும்பூரில் டிக்கட் வாங்கினால் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். 'போட் மெயில்' என்ற பெயர் இன்றும் நம் பெரியவர்கள் நாவில் இருப்பதற்குக் காரணம் இதுவே. அந்நாளில் கொழும்புக்குப் போவது வேலைக்கு வெளியூர் போவதைப் போன்றதுதான்.

கதவு மூடிய ஆண்டுகள்

முதல் தாழ்ப்பாளை இட்டது நம் நாடுதான். இலங்கையில் இந்தியர் வேலைநீக்கம் செய்யப்பட்டதை அடுத்து, 1939 ஆகஸ்டு முதல் உடலுழைப்புக் கூலிகள் அங்கே செல்வதை இந்திய அரசு தடை செய்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டமும், குடிவரவு குடியகல்வுச் சட்டமும் அங்கே நிறைவேறின. பின்னது 1949 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று தொடங்கிப் பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றி எவரும் நுழைய முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தோணியேறிப் போய்வந்தவன், ஓர் இரவில் 'கள்ளத்தோணி' ஆனான்! கடல் மாறவில்லை, காற்றும் மாறவில்லை, ஏட்டில் ஒரு வரி மாறிற்று.

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கான மக்கள் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்ற நிலை உண்டாயிற்று. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மனிதரைப் பாகம் பிரித்த கணக்கு இது! அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரிந்த குடும்பங்கள் பல. தலைமன்னார் துறையில் அழுதுகொண்டே கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் நம்மோடு வாழ்கின்றனர். நாடற்றவராக இலங்கையில் எஞ்சியிருந்தோருக்கு 2003-ல்தான் அந்நாடு சட்டமியற்றிக் குடியுரிமை வழங்கியது.

ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1964-ல், டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே கப்பல் சென்றது. இலங்கையின் உள்நாட்டுக் கலவரம் முற்றியதும் 1984-ல் அதுவும் நின்றுபோயிற்று.

ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு

இத்தனை கதவுகள் மூடியபோதும் ஒரு சிறு சன்னல் மட்டும் திறந்தே இருந்தது. அதுதான் கச்சத்தீவு.

ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 12 மைல் தொலைவில், சுமார் 285 ஏக்கர் பரப்பில், குடிநீரும் குடிமக்களும் இல்லாத திட்டு அது. முன்பு சேதுபதி மன்னரின் ஜமீனுக்கு உரியதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கரை மீனவர் ஒருவர் அங்கே புனித அந்தோணியாருக்குச் சிற்றாலயம் எழுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. வலை உலர்த்தவும் இளைப்பாறவும் இரு கரை மீனவரும் ஒதுங்கிய இடத்தில், இரு கரையாருக்கும் பொதுவான பாதுகாவலராக அந்தோணியார் அமர்ந்தார். ஆண்டுக்கொரு முறை நெடுந்தீவுப் பங்குக் குருவானவர் வந்து திருப்பலி நிறைவேற்ற, இரு நாட்டு மக்களும் ஒன்றாக மண்டியிட்டனர். பெண் கொடுத்து, பெண் எடுத்த உறவினர் சந்தித்துக்கொள்ளும் இடமும் அதுவே.

1974 ஜூன் மாதம் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கையால் கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் சென்றது. அதன் நியாய அநியாயங்களைப் பேச இம்மலர் இடமன்று. ஆனால் அதன் ஐந்தாம் பிரிவு நம் கவனத்துக்குரியது. இந்திய மீனவரும் திருப்பயணிகளும் இதுகாறும் போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம். அதற்கெனப் பயண ஆவணமோ விசாவோ பெறும்படி இலங்கை கேட்காது என்பது அதன் சாரம். இரண்டு அரசுகள் எல்லைக்கோடு கிழிக்க அமர்ந்தபோது, ஒரு சிறு கோவிலின் திருவிழாவுக்குச் செல்வோரையும் எண்ணிப் பார்த்து எழுதிவைத்த வரி அது.

எனினும், எழுதிய வரி மட்டும் கடலைத் திறந்து வைத்துவிடாது. போர்க்காலத்தில் திருவிழா தடைப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்து, 2010 முதல் மீண்டும் திருப்பயணிகள் சென்றனர். 2016 டிசம்பரில் புதிய ஆலயம் யாழ்ப்பாண ஆயரால் அர்ச்சிக்கப்பட்டது. ஆனால் 2017 மார்ச்சில், விழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, நம் இளம் மீனவர் ஒருவர் நடுக்கடலில் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டு ராமேஸ்வரத்திலிருந்து பயணம் நடைபெறவில்லை. 2021-ல் கொரோனா தடுத்தது. 2024-ல் நம் மீனவருக்கு இலங்கையில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து ராமேஸ்வரத்து மீனவர் விழாவைப் புறக்கணித்தனர். படகோட்டுபவன் சிறையில் இருக்கையில் படகிலேறித் திருவிழாவுக்குப் போவது எப்படி? அவர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

இப்போது நம் முதற்கேள்விக்கு வருவோம். கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டியதில்லை; இது மெய். ஆனால் நினைத்த நாளில் படகேறிச் செல்லலாம் என்பது மெய்யன்று. விழா நடக்கும் இரண்டு நாட்களுக்கு மட்டும், பெயர் பதிவு செய்தவர்கள் மட்டும், அனுமதி பெற்ற படகில் மட்டும் செல்ல முடியும். தீவைத் தாண்டி நெடுந்தீவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓர் அடியும் எடுத்துவைக்க இயலாது.

யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து அழைப்பு வந்ததும், ராமேஸ்வரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயத்தில் விண்ணப்பம் பெறுகிறார்கள். ஆதார் முதலிய அடையாள அட்டை நகல், புகைப்படம், குற்ற வழக்கு ஏதும் இல்லை என்ற போலீஸ் சான்று ஆகியவை கேட்கப்படுவது வழக்கம். புறப்படும் நாளில் சுங்கத்துறையும் போலீசாரும் பெட்டி படுக்கையைச் சோதிப்பர். உயிர்காப்பு மிதவை அணிந்தே படகில் அமர வேண்டும். மதுவோ, புகையிலையோ, விற்பனைச் சரக்கோ கொண்டுசெல்லக் கூடாது. தீப்பெட்டியும் வெடியும் செய்யும் ஊர்க்காரர்களாகிய நமக்குத் தனியே சொல்ல வேண்டுமா? வெடிபொருள் எதுவும் படகில் ஏறலாகாது. தீவில் குடிநீர்க் கிணறு கிடையாது என்பதை எண்ணி முதியோரும் நோயாளரும் நன்கு யோசித்துப் புறப்படுவது நலம்.

முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, திருப்பலி, அந்தோணியார் சுரூபப் பவனி. இரவு கடற்கரை மணலில் தங்கல். மறுநாள் காலை திருவிழாத் திருப்பலி, கொடியிறக்கம், உடனே திரும்புதல். இவ்வளவே. ஓர் இரவுதான்!

மடு மாதா திருத்தலத்துக்கோ, இலங்கையின் பிற ஊர்களுக்கோ செல்ல விரும்புவோருக்கு இச்சலுகை பொருந்தாது. பாஸ்போர்ட் கட்டாயம். 2012 முதல் மின்னணு வழிப் பயண அனுமதியும் நடைமுறைக்கு வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கப்பட்டு, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதில் செல்வோருக்கும் இதே விதிதான். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால், புறப்படுமுன் அதிகாரபூர்வமாகக் கேட்டறிந்து கொள்ள வேண்டும். தரகர் சொல்லை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

நம் கடமை

விதிகளைக் குறைகூறுவது எளிது. எல்லை காப்பதும் ஒவ்வொரு அரசின் கடமையே. ஆனால் விதி யாருக்காக? பச்சிளம் பாலகனைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் போன சூசையப்பரையும் மரியன்னையையும் வணங்கும் நாம், கடல் கடந்தோரின் கண்ணீரைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது. கச்சத்தீவு விழாவுக்குச் செல்லும் நம்மவர் விதியைச் சிறிதும் மீறாமல் நடக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது அச்சத்தினால் அன்று. ஒருவர் செய்யும் தவறு, எஞ்சியிருக்கும் ஒரே சன்னலையும் மூடிவிடக் கூடும்.

ஜோசப் வாஸ் அடிகளார் கழுத்தில் கிடந்த ஜெபமாலையை மக்கள் அடையாளம் கண்டுகொண்டனர். கச்சத்தீவு மணலில் இரு நாட்டாரும் ஒரே மொழியில் ஒரே ஜெபமாலையைச் சொல்லும்போது நடப்பதும் அதுவே. இவ்வாண்டு செல்வோர் நம் எல்லோருக்காகவும் அங்கே மண்டியிடுவார்களாக. செல்ல இயலாதோர், செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியாரிடம் வேண்டும் வேளையில், கரை திரும்பாத மீனவருக்காகவும், கரை மாறிய குடும்பங்களுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்வோமாக.