களிம்பில் வந்த கார்ட்டிசோன்

சென்ற கோடையில் என் மாணவர் ஒருவர் இடுப்பைச் சுற்றிப் படர்தாமரையோடு வந்தார். ராசிபுரம் பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பம். வெக்கையும் வியர்வையும் கேட்கவே வேண்டாம். மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைத் தடவியதும் இரண்டே நாளில் அரிப்பு அடங்கியதாம். நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாய்ப் படர்ந்துவிட்டது. குழாயின் மேல் அச்சிட்டிருந்த பெயர்களுள் ஒன்று குளோபெட்டசால். அதன் வரலாறு சுவையானது.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்பவர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோனை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். தோல் மருத்துவர்கள் அதே பொருளைத் தோலில் தடவிப் பார்த்தனர். பயனில்லை! 1952இல் நியூயார்க்கில் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தடவியபோது கரப்பான் அடங்கிற்று. இரண்டு மூலக்கூறுகளுக்கும் வேறுபாடு இரண்டே ஹைட்ரஜன் அணுக்கள்தாம். ஊசியில் சென்ற கார்ட்டிசோனை ஈரல் ஹைட்ரோகார்ட்டிசோனாக மாற்றிக்கொள்கிறது; தோலால் அது போதிய அளவு முடிவதில்லை.

இயற்பியல் ஆசிரியனான எனக்குப் பிடித்தது இனி வருவதே. களிம்பின் வலிமையை எப்படி அளப்பது? ஸ்டீராய்டு பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் வெளுக்கும். அந்த வெளுப்பையே 1962இல் மெக்கென்சியும் ஸ்டௌட்டனும் அளவுகோலாக்கினர். எளிமையான, அழகான சோதனை! 1970களில் வந்த குளோபெட்டசால், இவ்வளவுகோலில் ஹைட்ரோகார்ட்டிசோனைப் போல் சுமார் 600 மடங்கு வலிமையுடையது என்பர்.

ஆனால் படர்தாமரை பூஞ்சையால் வருவது. சிவப்பும் வீக்கமும் உடல் அதனோடு போரிடுவதன் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போரை நிறுத்துகிறது. அரிப்பு அடங்குகிறது, பூஞ்சையோ தடையின்றி வளர்கிறது. இப்படி உருமாறிய படர்தாமரைக்கு 1968இல் இங்கிலாந்தில் ஐவ், மார்க்ஸ் என்ற இருவர் 'மாறுவேடப் படை' என்னும் பொருளில் ஒரு லத்தீன் பெயரே சூட்டினர்.

நம் நாட்டில் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளுக்கு 'எச்' அட்டவணை உண்டு. மேற்பூச்சு மருந்துகளுக்கு அதில் நெடுங்காலம் விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் விடாமல் வற்புறுத்திய பிறகு, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு களிம்புகள் அதனுள் கொண்டுவரப்பட்டன. 

"சீட்டுக் கேட்டார்களா?" என்றேன் மாணவரிடம்.

"இல்லீங்க சார். சின்னக் குழாயா, பெரிய குழாயான்னு மட்டுந்தான் கேட்டாங்க."